அம்மாவின் அரைக் கோப்பைத் தேன்

சுன்னாகம்

அன்புள்ள மகன் தம்பிக்கு,

ஞாயிற்றுக்கிழமை நீ அனுப்பிய படத்தை அம்மா மூன்று தரம் பெருப்பித்துப் பார்த்தா. ரவையும் தேனும் போட்டு நீ செய்த லவ் கேக் நடுவில் பிசினாகவும் ஓரம் கறுத்தும் இருந்தது. ரவை வறுத்தது போதவில்லையோ என்று அவ யோசித்தா. எனக்கு அளவில்தான் சந்தேகம். "தேன் அரைக் கோப்பை" என்று அம்மா சொன்னதை, நீ ரொறன்ரோவில் வாங்கிய 250 மில்லிலீற்றர் கப்பில் பாதியாக எடுத்திருக்கிறாய். அம்மாவின் கோப்பை அது இல்லையப்பா. நீ சின்னனில் பால் குடித்த, நீலப் பூப்போட்ட தேத்தண்ணிக் கோப்பை அது.

நேற்று அதைத் தராசில் வைத்து, விளிம்புவரை தண்ணீர் விட்டு நிறுத்தேன். தண்ணீர் மட்டும் 180 கிராம். தண்ணீர் ஒரு மில்லிலீற்றர் ஒரு கிராம் நிற்கும் என்பதால் கோப்பை 180 மில்லிலீற்றர் கொள்ளும், பாதி 90. தேன், அதே அளவு தண்ணீரைப்போல ஏறத்தாழ 1.42 மடங்கு பாரம். பெருக்கினால் 128 கிராம். நீ விட்ட 125 மில்லிலீற்றரோ 178 கிராம். ஐம்பது கிராம் கூடிவிட்டது. தேன் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும், சீனியைவிடக் கெதியாக நிறமும் ஏறும். கேக் அப்படி வந்ததற்குக் காரணம் அதுதான் என்று நினைக்கிறேன். உன் கைப்பக்குவத்தில் பிழையில்லை.

கடை வைத்திருந்த காலத்தில் எங்களுக்கு வன்னித் தேன் 750 மில்லிலீற்றர் சாராயப் போத்தலில்தான் வரும். நல்லெண்ணெயும் அதே போத்தலில். இரண்டு கையிலும் இரண்டையும் தூக்கினால் தோளே வித்தியாசம் சொல்லும். எண்ணெய் 690 கிராம் அளவில் நிற்கும். தேன் ஒரு கிலோவைத் தாண்டி 1065 கிராமுக்குக் கிட்ட வரும். அப்பு (உன் பாட்டனார்) ஒவ்வொரு போத்தலையும் நிறுத்துத்தான் வாங்குவார். நிறை நன்றாகக் குறைந்தால் தண்ணீர் சேர்ந்திருக்கிறது என்று திருப்பிக் கொடுத்துவிடுவார். சீனிப்பாணியைக் கட்டியாகக் காய்ச்சிக் கலந்தால் தராசுக்கும் தெரியாது. அதற்கு அவருடைய நாக்குத்தான்.

காட்டுத் தேனில் ஈரம் கொஞ்சம் கூட, அங்கே கடையில் வாங்கும் தேன் கட்டி. அதனால் 1.42 என்பது இம்மி பிசகாத எண் இல்லை. ஆனால் அரைக் கோப்பைக்கு ஒன்றிரண்டு கிராம்தான் வித்தியாசம் வரும், கேக்குக்கு அது ஒன்றும் செய்யாது.

கரண்டிக் கணக்கையும் எழுதி வை. தேக்கரண்டி 5 மில்லிலீற்றர், அதில் தேன் 7 கிராம். மேசைக்கரண்டி 15 மில்லிலீற்றர், 21 கிராம். மெல்பேணில் அக்கா வைத்திருக்கும் மேசைக்கரண்டி 20 மில்லிலீற்றர், அதில் 28 கிராம் வரும். அவளுடைய குறிப்பைப் பார்த்துச் செய்வதென்றால் முதலில் இதைக் கேட்டுக்கொள். அமெரிக்கக் குறிப்பில் ஒரு கப் என்றால் 340 கிராம் என்று எடு. (அக்காவோடு கதைக்கும்போது இன்னொன்றும் சொல்லு: குழந்தைக்கு ஒரு வயது முடியும்வரை நாக்கில் தேன் தொட்டு வைக்கக் கூடாது. இங்கே பெரியவர்கள் வைப்பார்கள்தான், ஆனால் கைக்குழந்தைக்கு அது ஆபத்து.)

இனிமேல் தேனைக் கப்பில் அளக்காதே. கப்பில் ஒட்டியது ஒட்டியபடி நிற்கும், எவ்வளவு விழுந்தது என்று யாருக்குத் தெரியும்? கேக் கலக்கும் பாத்திரத்தையே தராசில் வைத்து, பூச்சியத்துக்குக் கொண்டுவந்து, 128 வரும்வரை மெல்ல ஊற்று. கடைசிச் சொட்டு நூலாக இறங்கும்போது கையை முதலே நிமிர்த்திவிடு. உங்கள் குளிரில் தேன் சீனி பிடித்துக் கட்டியானால் போத்தலை இளஞ்சூட்டு நீரில் வைத்தால் இளகும். கொதிநீர் வேண்டாம், வாசம் போய்விடும்.

கோப்பையின் படமும் அனுப்புகிறேன். கைபிடியில் ஒரு கீறல் விழுந்திருக்கிறது. அம்மா அதை இப்போது அலுமாரியில் எடுத்து வைத்துவிட்டா. கேக் நன்றாக ஆறின பிறகு வெட்டச் சொன்னா.

அன்புடன்,
அப்பா