தரையில் பங்கு கேட்காத மீன்கள்

யீஷூன், சிங்கப்பூர்

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. நடுவில் அம்மாவுக்குக் காய்ச்சல் வந்துவிட்டதால் உடனே எழுத முடியவில்லை. இப்போது தேறிவிட்டார், நேற்று தோசை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். கயலுக்குத் தெங்காவில் வீட்டுச் சாவி கிடைத்து, போன மாதம் பால் காய்ச்சினோம். அவள் கட்டில் கிடந்த இடத்தில் இப்போது என் மூன்றடி மீன்தொட்டி இருக்கிறது. அதற்கு எதிரே அம்மாவின் நாற்காலி.

முதலில் உன் பயத்தைப் போக்கிவிடுகிறேன். கார்த்திக் வாங்கி வந்த, தொட்டித் தரையோடு திரிகிற கிளவுன் லோச் மீன் இரண்டும் ஒருக்களித்துச் செத்ததுபோல் கிடக்கின்றன என்று எழுதியிருந்தாய். அவை ஓய்வெடுக்கும் விதமே அப்படித்தான். நிறம் மங்காமல், இரை போட்டதும் எழுந்து ஓடி வந்தால் ஒன்றுமில்லை. தொட்டிக்குள் 'டிக் டிக்' என்று சத்தம் கேட்டாலும் பதறாதே, குஷி வந்தால் அவை அப்படிச் சொடுக்கும்.

அவற்றோடு இன்னும் என்ன மீன் விடலாம் என்று கேட்டிருந்தாய். மறைக்காமல் சொல்கிறேன், எதையும் விடாதே. அந்த இரண்டையும் பெரிய தொட்டி வைத்திருப்பவர் யாரிடமாவது கொடுத்துவிடு. இன்றைக்கு உன் சுண்டுவிரல் நீளம் இருக்கிற மீன், சுமத்ரா, போர்னியோ ஆறுகளில் ஓரடி வரை வளர்கிற இனம். நன்றாகப் பார்த்துக்கொண்டால் 20 வருடத்துக்கு மேல் இருக்கும். ஐந்தாறு பேராகக் கூடி வாழ்கிற மீன் அது. இரண்டை மட்டும் வைத்தால் மூலையில் ஒளிந்தே காலத்தைக் கழிக்கும். உன் தொட்டி இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம். விளிம்பு வரை ஊற்றினாலும் 57 லிட்டர் வராது. அதில் கூட்டம் சேர்க்கவும் முடியாது, சேர்க்காமல் விடுவதும் பாவம். பிடிக்கும்போது வலை போடாதே. கண்ணுக்குக் கீழே மடக்கி வைத்திருக்கும் முள்ளை நீட்டிக்கொண்டு வலையில் சிக்கிக்கொள்ளும். ஒரு டப்பாவைச் சரித்து அதற்குள் மெதுவாக ஓட்டிப் பிடி.

லோச்சுக்கு முதல் துணை இன்னொரு லோச்தான், அதுவும் அதே இனத்து லோச். இது எனக்குப் புரிய ஒரு மீனைப் பலி கொடுக்க வேண்டியிருந்தது. இரண்டு வருடத்துக்கு முன்னால் சிராங்கூன் நார்த் அவென்யூ 1 பக்கம் வரிசையாக இருக்கும் மீன் கடைகளுக்குப் போய் ஆறு கூலி லோச் வாங்கினேன். பென்சில் தடிமன் கூட இருக்காது, உடம்பில் மஞ்சளும் பழுப்பும் பட்டை பட்டையாக, குட்டிப் பாம்பு மாதிரி நெளியும். மூன்று மாதம் நன்றாக இருந்தன. அப்புறம் ஒரு கடையில் 'பாசியைத் தின்னும், சாதுவான மீன்' என்று சொல்லி ஒரு ரெட் டெயில் ஷார்க்கைக் கொடுத்தார்கள். பெயர்தான் ஷார்க், அது கெண்டைக் குடும்பத்து மீன். உடம்பு கருகரு, வால் ரத்தச் சிவப்பு, பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் தரையெல்லாம் தனக்கே சொந்தம் என்று நினைக்கிற மீன்.

ஒரு வாரத்தில் என் லோச்சுகள் ஒன்றுகூட வெளியே தலைகாட்டவில்லை. ஒன்று செடிக்கு அடியில் செத்துக் கிடந்தது. இன்னொன்றைக் காணவே காணோம். ஞாயிற்றுக்கிழமை ஃபில்டரைக் கழுவத் திறந்தால், அடித்தட்டில் தேங்கியிருந்த அழுக்குக்குள் அது உயிரோடு வளையமாகச் சுருண்டு கிடக்கிறது. உறிஞ்சும் குழாய் வழியாக உள்ளே போயிருக்கிறது. கையில் அள்ளியதும் விரலிடுக்கில் புகுந்துகொள்ளப் பார்த்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அன்றைக்கே ஷார்க்கைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டு, குழாய் வாயில் ஸ்பாஞ்ச் மாட்டினேன்.

அதிலிருந்து துணை தேடும்போது நான் முதலில் பார்ப்பது அந்த மீன் எங்கே வாழ்கிறது என்பதைத்தான். தரை லோச்சுக்கு. மற்ற மீன்கள் நடுவிலும் மேலேயும் திரிய வேண்டும். என் தொட்டியில் நடுவில் பன்னிரண்டு ஹார்லிகுவின் ரஸ்போரா. செம்பு நிற உடம்பில் கறுப்பு முக்கோணம் வரைந்த மாதிரி இருக்கும். இந்தச் சிங்கப்பூர்க் காட்டோடைகளுக்கே சொந்தமான மீன். மேலே ஒரு ஜோடி ஹனி குராமி. யாரும் யாரையும் சீண்டுவதில்லை. லோச்சுகளோடு இன்னும் மூன்றைச் சேர்த்து இப்போது எட்டாக்கிவிட்டேன். விளக்கை அணைத்த பிறகு மூழ்கும் தீனி நாலைந்து போடுவேன். பகலில் போட்டால் ரஸ்போரா மிச்சம் வைக்காது.

அடுத்தது தண்ணீரின் சூடு. இங்கே ஹீட்டரே வேண்டாம், வீட்டுத் தண்ணீர் 28, 29 டிகிரி சாதாரணமாக நிற்கும். பாறையில் ஒட்டிக்கொள்ளும் ஹில்ஸ்ட்ரீம் லோச் மேல் எனக்கு எவ்வளவு ஆசை தெரியுமா! ஆனால் அது வேகமாக ஓடும் குளிர்ந்த நீரோடை மீன். இந்தச் சூட்டில் அதை வாட்ட மனம் வரவில்லை.

இனி உன் தொட்டிக்கு வருகிறேன். 2016இல் உன் வீட்டுக்கு வந்தபோது அத்தை அயிரை மீன் குழம்பு வைத்தார்களே, ஞாபகம் இருக்கிறதா? உயிரோடு துள்ளுவதைப் பாலில் விட்டு, மண்ணைக் கக்கட்டும் என்று மூடி வைத்தார்கள். அந்த அயிரையும் லோச்தான், மல்லிகா. மணலை வாயில் அள்ளி, இரையை வைத்துக்கொண்டு மிச்சத்தைச் செவுள் வழியே உதிர்த்துவிடும். என் கூலி லோச்சும் அச்சு அசலாக அதையே செய்கிறது. உங்கள் கண்மாயில் பிறந்த மீனுக்கு உங்கள் ஊர் வெயில் புதிதில்லை. அதற்கு அறிவியல் பெயர் வைக்கக் காரணமாக இருந்ததே திருகோணமலைப் பக்கத்துக் கன்னியா வெந்நீர் ஊற்றில் கிடைத்த மீன்தான். சந்தையில் காயம்படாத, சுறுசுறுப்பான ஒரு ஆறேழு வாங்கி, இரண்டு மூன்று வாரம் தனித் தொட்டியில் வைத்துப் பார். வெள்ளைப் புள்ளி நோய் லோச்சுக்குச் சீக்கிரம் தொற்றும். செதில் மிகவும் பொடிசு என்பதால் மருந்தையும் அதிகம் தாங்காது. அதனால் தொட்டியில் விட்ட பிறகு வைத்தியம் பார்ப்பதைவிட விடுவதற்கு முன்னால் கவனிப்பது நல்லது.

தரையில் இருக்கும் கூழாங்கல்லை எடுத்துவிட்டு, சலித்துக் கழுவிய நைசான ஆற்று மணல் இரண்டு அங்குலம் போடு. கல் கூர்மையாக இருந்தால் மீசை தேய்ந்துவிடும். கப்பி மீன்கள் அப்படியே இருக்கட்டும், அவை மேலே திரிகிறவை. உங்கள் போர்வெல் தண்ணீரின் கடினமும் அவற்றுக்கு ஒத்துக்கொள்ளும். ஏஞ்சல் மீன் இரண்டையும் மட்டும் கிளவுன் லோச்சோடு சேர்த்து அனுப்பிவிடு. உயரமாக வளர்கிற மீனுக்கு ஓரடித் தண்ணீர் போதாது, வாய்க்குள் போகிற அளவில் எது இருந்தாலும் விழுங்கியும் விடும். மே மாதம் ஏர் பம்ப்பை நிறுத்தவே நிறுத்தாதே, தண்ணீர் சூடானால் அதில் காற்று குறைந்துவிடும். மூடி கட்டாயம் வேண்டும். சின்ன இடுக்கு இருந்தாலும் லோச் வெளியே வந்துவிடும்.

அத்தையிடம் எப்படிச் சொல்வாய் என்று தெரியவில்லை. குழம்புக்குத் தனியாக வாங்கிக்கொள்ளலாம், தொட்டியில் இருப்பவற்றின் மேல் மட்டும் கை வைக்க வேண்டாம் என்று நான் கேட்டுக்கொண்டதாகச் சொல்.

இங்கே வானம் கறுத்துக்கொண்டு வருகிறது. மழைக்கு முன்னால் என் லோச்சுகளுக்கு இருப்புக் கொள்ளாது, கண்ணாடியோரம் ஏறி இறங்கும். அம்மா சாயங்காலமானால் விரல் விட்டு எண்ண உட்கார்ந்துவிடுவார். வழக்கமாக நாலோ ஐந்தோதான் கிடைக்கும். இன்றைக்கு ஏழு வரை எண்ணிவிட்டு, "இன்னொன்று எங்கேடி?" என்று கூப்பிடுகிறார். போய் ஃபில்டர் பக்கம் பார்க்கிறேன்.

அண்ணனுக்கும் அத்தைக்கும் என் வணக்கம். அயிரை வாங்கியதும் எழுது.

அன்புடன்,
ராணி