மாட்டுக் கொட்டாய் தண்ணிக்கும் ஒரு வழி பண்ணுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்ங்க. ஓசூர் பக்கம் கெலவரப்பள்ளி அணையில நுரை பொங்குதுன்னு உங்க பேப்பர்ல வந்த செய்திய படிச்சேன், பெங்களூரு பக்கத்துல இருந்து வர்ற சாக்கடையும் பேக்டரி தண்ணியும்தான் காரணம்னு எல்லாருக்கும் தெரியும், ஆனா நம்மூர் மாட்டுக் கொட்டாயில இருந்து ஏரிக்கும் ஓடைக்கும் போற தண்ணிய பத்தி யாருமே வாய தொறக்கறதில்ல. எங்ககிட்ட 8 மாடு இருக்கு, ரெண்டு வேளையும் ஓஸ் புடிச்சு கழுவி விட்டா அந்த பச்சைத் தண்ணி நேரா ஓடைக்குதான் போகும், கீழ்க்காட்டுல எங்க பெரியப்பா கிணத்துல வாளிய எறக்குனாலே நாத்தம் அடிக்கும், அவரு ஒரு வார்த்தை கேக்கல, அதுதான் எனக்கு ரொம்ப வலிச்சுது.

போன வருசம் அந்த தண்ணிய சுத்தம் பண்ண ஒரு குழி வெட்டி, கெட்டி பிளாஸ்டிக் ஷீட் விரிச்சு, முழங்கால் ஆழத்துக்கு ஜல்லி கொட்டி, ஏரிக்கரை சம்புக் கோரைய புடுங்கிட்டு வந்து நட்டோம். தண்ணி ஜல்லிக்குள்ளயே மெதுவா நகரும், வேர்லயும் கல்லுலயும் ஒட்டியிருக்கற பாக்டீரியா அழுக்க தின்னுடும், கரண்டும் வேணாம் மோட்டாரும் வேணாம். ஆனா சாணி அடியில தங்கறதுக்கு ஜல்லிக் குழிக்கு முன்னாடி ஒரு தொட்டி கட்டாயம் வேணும்ங்க, மொத தடவ அது இல்லாம விட்டு ஜல்லி பூரா அடைச்சுகிச்சு, வாரி கழுவி திரும்ப போட்டோம். இப்ப கடைசி பைப்புல வர்றது லேசான டீத்தண்ணி கலர்ல இருக்கு, நாத்தம் இல்ல, குடிக்க ஆகாது, தீவனப்புல்லுக்கு பாய்ச்சறோம். கொட்டாய் கட்ட மானியம் குடுக்கறப்பவே இதுக்கும் சேத்து குடுக்கணும், 1824ல இருந்து இருக்கற மத்திகிரி கால்நடைப் பண்ணையில ஒண்ணு அமைச்சு விவசாயிங்கள கூட்டிட்டு போய் காட்டணும்.

ஒரு பால் மாட்டு விவசாயி,
காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி மாவட்டம்