முன்னுக்குப்பின் முரண் என்றால், எதற்கு எது முரண்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் பேப்பரிலும் சரி, மற்ற பேப்பர்களிலும் சரி, வழக்குச் செய்தி என்றால் ஒரு வரி தவறாமல் வந்துவிடுகிறது: முன்னுக்குப்பின் முரணாகப் பேசினார். முதலில் என்ன சொன்னார், பிறகு என்ன சொன்னார் என்று அநேகமாக யாரும் எழுதுவதில்லை. ஆனால் அந்த ஒரு வரியைப் படித்ததும் டீக்கடையில் தீர்ப்பே முடிந்துவிடுகிறது. அந்த வரிக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று கோர்ட்டில் உட்கார்ந்து பார்த்தவன் என்பதால் இதை எழுதுகிறேன்.

எங்களுக்குக் கீழ்பவானி பாசனத்தில் கொஞ்சம் நிலம். நெல்லுக்குத் தண்ணீர் விடும் வருடம் பிரச்சினை குறைவு. புன்செய்க்கு விடும் வருடம் தை, மாசியில் சில நாள் விட்டு, சில நாள் நிறுத்தி வரும், அப்போதுதான் முறை யாருடையது என்று தகராறு. அப்படி ஒரு மாசியில் என் பெரியப்பா மகனுக்கும் பக்கத்துத் தோட்டக்காரருக்கும் மடையில் வாக்குவாதமாகி, தள்ளுமுள்ளாகி, தோட்டக்காரருக்குத் தலையில் காயம். வழக்கு அண்ணன் மேல்.

அரசுத் தரப்புச் சாட்சிகள் முடிந்ததும் நீதிபதி குற்றம் சாட்டப்பட்டவரை நேரடியாகக் கேட்பார். சத்தியப் பிரமாணம் கிடையாது. அப்போது இதைக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 313வது பிரிவு என்பார்கள், 2024 ஜூலையில் வந்த புதிய சட்டத்தில் அது 351. அண்ணன் சொன்னது இவ்வளவுதான்: "பொழுதோட மடைய மாத்தீட்டு ஊட்டுக்கு வந்துட்டனுங்க." அப்புறம் தானே எழுதிக் கொடுத்துக் கூண்டேறிச் சாட்சியும் சொன்னார். அவரை யாரும் கட்டாயப்படுத்தியிருக்க முடியாது, அரசியல் சாசனத்தின் 20(3) பிரிவு தடுக்கிறது. தப்பு செய்யவில்லை, எதற்குப் பயப்பட வேண்டும் என்று அவராகவே ஏறினார். குறுக்கு விசாரணையில் மடையில் இருந்தபோது மணி என்ன என்று கேட்டதற்கு, ஆறரை இருக்கும் என்றார்.

அரசு வக்கீல் பிடித்துக்கொண்டார். பொழுது இருக்கும்போதே வீட்டுக்கு வந்துவிட்டதாக அன்றைக்குச் சொன்னீர்கள், இன்றைக்கு ஆறரைக்கு மடையில் இருந்தேன் என்கிறீர்கள், இதில் எது பொய் என்றார். அண்ணனுக்கு வியர்த்துவிட்டது, வாய் குழறியது, ரெண்டும் ஒண்ணுதானுங்களே என்று திரும்பத் திரும்பச் சொன்னார். பின் வரிசையில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்த வக்கீல் தெற்குப் பக்கத்துக்காரர். அவர் ஊரில் பொழுதோட வா என்றால் இருட்டுவதற்குள் வா என்று அர்த்தம். எங்கள் பக்கம் பொழுதோட என்றால் சாயங்காலம், அவ்வளவுதான். கடைசியில் நீதிபதிதான், பொழுதோடன்னா எத்தனை மணிப்பா என்று கேட்டார். பொழுது உளுகற நேரமுங்க, அதாவது சூரியன் மறையும் நேரம், என்றார் அண்ணன். அந்தக் கேள்வியை அவர் கேட்காமல் விட்டிருந்தால் ஒரு வட்டாரச் சொல் ஒரு மனிதனைப் பொய்யனாக்கியிருக்கும்.

இன்னொன்றையும் யாரும் யோசிக்கவில்லை. சண்டை நடந்ததாகப் புகாரில் இருந்த நேரமே ஆறரைதான். பேச்சை மாற்றித் தப்பிக்க நினைக்கிறவர் தனக்குப் பாதகமான பக்கமாகவா மாற்றுவார்? புகார்தாரர் தரப்புச் சாட்சி ஒருவர் தேதியையே மாற்றிச் சொன்னபோது அதை ஞாபக மறதி என்று விட்டுவிட்டார்கள். அதே மறதி குற்றவாளிக் கூண்டில் நிற்கிறவருக்கு வந்தால் மட்டும் எப்படிப் பொய்யாகிறது? சாட்சியிடம் வீடியோ டேப்பை ஓட்டிக் காட்டுவது போன்ற ஞாபகத்தை எதிர்பார்க்க முடியாது, நேரத்தைப் பற்றிய கணிப்பு ஆளுக்கு ஆள் மாறும் என்று போகின்பாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது 1983ல். வாட்ச் கட்டாமல், சொசைட்டியில் பால் ஊற்றும் நேரத்தையும் டவுன் பஸ் வரும் நேரத்தையும் வைத்து நாளை ஓட்டுகிறவர்களிடம் மணிக்கணக்கு கேட்டால் உத்தேசமாகத்தான் வரும்.

அதற்காக எல்லா முரணையும் மன்னித்துவிடச் சொல்லவில்லை. அண்ணன் ஒரு இடத்தில் உண்மையிலேயே மாற்றிப் பேசினார். முதலில் கையில் ஒன்றும் இல்லை என்றவர், மம்முட்டி, அதாவது மண்வெட்டி, கையில் இருந்தது என்று கூண்டில் ஒப்புக்கொண்டார். மடை மாற்றப் போகிறவன் மம்முட்டி இல்லாமலா போவான்? பயத்தில் மறைத்திருக்கிறார். எனக்கே அது வலித்தது. அதை விடாமல் கேட்ட அரசு வக்கீலைக் குறை சொல்ல மாட்டேன், ஏனென்றால் காயம் எதனால் வந்தது என்பதுதான் வழக்கே, இந்த முரண் நேராக அங்கே போய்த் தொடுகிறது.

ஆனால் அதோடு வழக்கு நிரூபணம் ஆகிவிடுமா? ஒன்றில் பொய் சொன்னால் எல்லாமே பொய் என்ற விதி நம் நாட்டில் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 1957லேயே சொல்லிவிட்டது. 1984ல் சரத் சார்தா வழக்கில் இன்னும் தெளிவாக, அரசுத் தரப்பு வழக்கு தன் காலில்தான் நிற்க வேண்டும், குற்றம் சாட்டப்பட்டவரின் வாதத்தில் உள்ள பலவீனத்தை வைத்து நிற்க முடியாது என்றது. எங்கள் வழக்கில் காயச் சான்றிதழ் கொடுத்த டாக்டரே, வாய்க்கால் கரைக் கல்லில் விழுந்தாலும் இப்படிக் காயம் வரலாம் என்று ஒப்புக்கொண்டார். நீதிபதி மம்முட்டி விஷயத்தில் அண்ணனை நம்பவில்லை என்று எழுதினார், நேர வித்தியாசத்தை ஒதுக்கினார், சந்தேகத்தின் பலனைக் கொடுத்து விடுதலை செய்தார். நம்பாததையும் நிரூபணமாகாததையும் தனித்தனியாக வைத்துப் பார்த்த அந்தத் தீர்ப்பை நான் இரண்டு தடவை படித்தேன்.

குறுக்கு விசாரணை நடந்த மறுநாள் ஒரு பேப்பரில் அந்த வரி வந்தது. விடுதலையானது வரவில்லை. இன்றைக்கும் ஊரில் அவருக்குப் பெயர், கோர்ட்டிலேயே மாற்றி மாற்றிப் பேசினவர் என்பதுதான். பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கப் போன இடத்தில்கூட அதைக் கேட்டார்கள்.

அடுத்த தடவை அந்த வரியைப் போடும்போது, அவர் முதலில் சொன்னதையும் பிறகு சொன்னதையும் அவர் வாயில் வந்தபடியே கூடவே போடுங்கள். இடம் போதவில்லை என்றால் அந்த வரியை எடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு கீழ்பவானி விவசாயி,
ஈரோடு மாவட்டம்