தொப்பியைக் குனிந்து எடுத்தவர்

மாப்ளே,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. முழங்கால்தான் காரணம் என்றால், எழுதுவது கையால்தானே என்று கேட்பாய். ஆபரேஷன் முடிந்து இப்போது பரவாயில்லை. பிசியோதெரபி பெண் தினமும் ஏழு மணிக்கு வந்து காலைப் பிடித்து மடக்குகிறாள், நான் கத்துகிறேன், நான் கத்துவதைக் கேட்டுப் பக்கத்து வீட்டு நாய் குரைக்கிறது. உன் சர்க்கரை எப்படி இருக்கிறது? மாத்திரையை மாற்றினார்களா?

படுத்துக் கிடந்ததில் ஒரு லாபம். பேத்திக்கு ஒன்பதாம் வகுப்பில் ஹார்ப்பர் லீயின் 'டு கில் எ மாக்கிங்பேர்ட்' நாவலை வைத்திருக்கிறார்கள். அலபாமாவில், பாப் யூவல் என்ற வெள்ளைக்காரனின் மகளைக் கெடுத்ததாகப் பொய்ப்பழி சுமந்த டாம் ராபின்சன் என்ற கறுப்பருக்காக வாதாடுகிற வெள்ளை வக்கீல் அட்டிகஸின் கதை. நான் கிரிகரி பெக் நடித்த படத்தைப் பார்த்ததோடு சரி, புத்தகத்தைத் தொட்டதில்லை. அவள் சாயங்காலம் என் கட்டிலில் காலை நீட்டிக்கொண்டு சத்தமாகப் படிக்கிறாள். போன வாரம், பாப் யூவல் தபால் நிலையத்துப் பக்கம் அட்டிகஸை மறித்து முகத்தில் துப்புகிற இடம் வந்தது. அட்டிகஸ் கைக்குட்டையை எடுத்துத் துடைத்துக்கொள்கிறார். சண்டைக்கு வர உனக்குக் கௌரவக் குறைச்சலா என்று அவன் சீண்டுகிறான். இல்லப்பா, வயசாயிடுச்சு என்று சொல்லிவிட்டு, இரண்டு கையையும் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு நடந்து போய்விடுகிறார். பேத்தி புத்தகத்தை டப்பென்று மூடினாள். "என்ன தாத்தா இவர், ஒரு அறையாவது விட வேண்டாமா?"

எனக்குச் சட்டென்று மனோதத்துவ டாக்டர் ஃப்ராய்டின் அப்பா ஞாபகம் வந்தது. மூர் மார்க்கெட்டில் நாலு ரூபாய்க்கு வாங்கி வந்து, ஹாஸ்டலில் ஒவ்வொருவன் கனவையும் கேட்டு உயிரை எடுத்தாயே, ஃப்ராய்டின் அந்த 'கனவுகளின் விளக்கம்' புத்தகம் என்னிடம்தான் இருக்கிறது. (என் கனவில் யானை வந்ததற்கு நீ சொன்ன அர்த்தத்தை நாற்பது வருடமாக என் மனைவியிடம் சொல்லவில்லை.) பரணிலிருந்து இறக்கச் சொல்லிப் பார்த்தேன். நீ பென்சிலில் கோடு போட்ட பக்கம் அப்படியே இருக்கிறது. ஃப்ராய்டுக்குப் பத்து, பன்னிரண்டு வயது, வியன்னாவில் அப்பா யாக்கோபுடன் நடந்து போகிறான். அப்பா பழைய கதை ஒன்று சொல்கிறார். இளைஞனாக இருந்தபோது, ஒரு சனிக்கிழமை, ஃப்ரைபெர்க் ஊரில் நல்ல உடை உடுத்தி, புது ரோமத் தொப்பி வைத்துக்கொண்டு நடந்து போனாராம். எதிரே வந்த ஒரு கிறிஸ்தவன் ஓங்கி ஒரு தட்டுத் தட்டித் தொப்பியைச் சகதியில் விழவைத்து, யூதனே, நடைபாதையை விட்டு இறங்கு என்று கத்தினானாம். "நீங்க என்ன செஞ்சீங்க?" என்று மகன் கேட்கிறான். "தெருவில் இறங்கித் தொப்பியை எடுத்துக்கொண்டேன்." அவ்வளவுதான் பதில். காலம் எவ்வளவு மாறிவிட்டது பார் என்று காட்டத்தான் அவர் இதைச் சொன்னார். மகனுக்கோ அவமானம். கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போகிற இந்தப் பெரிய மனிதர் வீரர் இல்லையே என்று மனம் ஒடிந்து, ரோமைப் பழிவாங்குவேன் என்று கார்த்தேஜ் தளபதி ஹன்னிபலைச் சத்தியம் செய்யவைத்த அப்பா ஹமில்காரை நினைத்து ஏங்குகிறான்.

அப்போது நாம் கவனிக்காமல் விட்டது அடிக்குறிப்பு. முதல் பதிப்பில் இந்த இடத்தில் ஹமில்கார் என்பதற்குப் பதில் ஹஸ்த்ரூபல் என்று எழுதிவிட்டார் மனுஷன். ஹஸ்த்ரூபல் ஹன்னிபலுடைய தம்பி. மூன்று முறை புரூஃப் பார்த்தும் கண்ணில் படவில்லை. வாய் தவறுவது, கை தவறுவது பற்றி 1901-ல் வெளியான இன்னொரு நூலில் இந்தத் தப்பைத் தானே எடுத்து வைத்துத் தோண்டுகிறார். அப்பாவின் முதல் தாரத்து மகன் இமானுவேல் இங்கிலாந்தில் இருந்தார்; அப்பாவுக்குப் பிறக்காமல் இந்த அண்ணனுக்குப் பிறந்திருந்தால் என்று உள்ளுக்குள் ஓடிய ஆசைதான் அப்பன் பெயரை அழித்துச் சகோதரன் பெயரைப் போடவைத்தது என்கிறார். அப்பா 1896-ல் போய்விட்டார். புத்தகம் 1899 கடைசியில் 1900 என்று தேதி போட்டு வந்தது. நாற்பது தாண்டிய டாக்டர், அப்பாவைப் புதைத்து மூன்று வருடம் ஆகியும், அந்தத் தொப்பியை இன்னும் மன்னிக்கவில்லை. உன் யானை விளக்கத்தை நான் ஒருநாளும் நம்பினதில்லை, ஆனால் இதை நம்புகிறேன்.

ஏன் நம்புகிறேன் என்றும் சொல்லிவிடுகிறேன், உன்னிடம் இதுவரை சொன்னதில்லை. என் அப்பா ஜவுளிக்கடையில் வேலை பார்த்தது உனக்குத் தெரியும். எனக்குப் பதினோரு வயதில், தீபாவளிக் கூட்டத்தில், வேறு யாரோ அளவு தப்பாகக் கிழித்த சட்டைத் துணியை முதலாளி அப்பா முகத்தில் விட்டெறிந்தார். நான் படிக்கட்டில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா அதைத் தரையிலிருந்து எடுத்து, உதறி, ஓரம் சேர்த்து மடித்து, அலமாரியில் வைத்தார். அடுத்தவருக்கு என்ன வேணும்மா என்று கேட்கப் போய்விட்டார். அந்தத் தீபாவளிக்கு அந்தக் கடைத் துணியில் தைத்த சட்டையை நான் போடவே இல்லை. ஏன் என்று அவரும் கேட்கவில்லை. வெறும் முதலாளித் திமிர் அது, யூதர்கள் பட்டதோடும் அலபாமாவில் கறுப்பர்கள் பட்டதோடும் அதை ஒரே தராசில் வைக்க மாட்டேன். மகன்காரன் புத்தி எப்படி வேலை செய்கிறது என்பதற்காகச் சொன்னேன்.

இதையெல்லாம் யோசித்ததும் அட்டிகஸ் மேல் இருந்த மயக்கம் கொஞ்சம் தெளிந்துவிட்டது. துடைத்துக்கொண்டு போனதற்கு அவர் காரணம் சொல்கிறார், என் முகத்தில் துப்பியதால் யூவல் வீட்டுப் பெண்ணுக்கு அப்பன் கையால் ஒரு அடி மிச்சமானால் நல்லதுதான் என்று. பெரிய மனசு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அவர் வெள்ளைக்கார வக்கீல், துப்பினவன் ஊரே மதிக்காத ஆள். திருப்பி அடித்திருந்தாலும் யாரும் அவரை மரத்தில் தொங்கவிட்டிருக்க மாட்டார்கள். யாக்கோபு ஃப்ராய்டுக்கு அந்த வசதி கிடையாது. செய்தது ஒரே காரியம், விலை வேறு. இன்னொன்று பார், அந்த வழக்குக்குப் பிறகும் அட்டிகஸ் எதிர்ப்பே இல்லாமல் மாநிலச் சட்டசபைக்கு மறுபடி தேர்வாகிறார், அவர் மகள் ஸ்கவுட்டே ஆச்சரியப்படுகிறாள். நிஜ அலபாமாவில் நடந்தது தெரியுமில்லையா? ஸ்காட்ஸ்பரோ வழக்கில், வெள்ளைப் பெண்களைக் கெடுத்ததாகப் பொய்யாகக் குற்றம் சாட்டப்பட்ட ஒன்பது கறுப்பினப் பையன்களில் ஒருவனுக்கு ஜூரி கொடுத்த மரண தண்டனைத் தீர்ப்பை, சாட்சியம் நிற்கவில்லை என்று 1933-ல் ரத்து செய்தார் நீதிபதி ஜேம்ஸ் ஹார்ட்டன். அடுத்த வருடத் தேர்தலில் பதவி போய்விட்டது.

அப்படியானால் அந்த நாவலில் தைரியசாலி யார் என்று கேள். என்னைக் கேட்டால் டாம் ராபின்சன். இடது கை சூம்பின மனிதன், கூண்டில் நிற்கிறான், எதிரே பன்னிரண்டு வெள்ளை முகம். யூவல் மகளுக்கு ஏன் சும்மா வேலை செய்து கொடுத்தாய் என்று அரசு வக்கீல் குடைகிறார். பாவமா இருந்துச்சு என்று சொல்லிவிடுகிறான். கறுப்பன் ஒருவன் வெள்ளைக்காரியைப் பார்த்துப் பரிதாபப்படுவதா! கோர்ட்டே முறைக்கிறது, வாய் தவறிவிட்டது என்று அவனுக்கும் புரிந்துவிடுகிறது. வாய் தவறியது என்பதை நீ உன் ஃப்ராய்டை வைத்துப் பார்த்துக்கொள். பேத்தி அந்தப் பக்கத்தைப் படித்தபோது எனக்குக் கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை. ஆனால் கதை சொல்வது வெள்ளைக்காரப் பெண் குழந்தை, அவளுக்கு அப்பாதான் ஹீரோ. டாம் சிறையில் பதினேழு குண்டு வாங்கிச் சாவது நமக்குச் செய்தியாகத்தான் வந்து சேருகிறது.

அட்டிகஸைவிட மார்க் ட்வைன் நாவலில் வரும் பையன் ஹக் ஃபின் பெரியவன் என்று எழுதியிருந்தாய். பாதி ஒத்துக்கொள்கிறேன். தப்பி ஓடிவந்த அடிமை ஜிம்மைக் காட்டிக்கொடுக்க எழுதிய கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு, சரி, நான் நரகத்துக்கே போகிறேன் என்கிறானே, அந்த வேடிக்கையை வேறு யாரால் எழுத முடியும்! தான் செய்வது பாவம் என்றே நம்பிக்கொண்டு நல்லது செய்கிறான், ஏனென்றால் அவன் மனசாட்சியே ஊர்க்காரர்கள் ஊட்டி வளர்த்தது. உள்ளே உட்கார்ந்து அதட்டுகிற அந்த மனசாட்சிக்கு ஃப்ராய்டு சூப்பர் ஈகோ என்று பெயர் வைத்தது 1923-ல், மார்க் ட்வைன் அதை ஆற்றில் தெப்பத்தில் ஏற்றிவிட்டது அதற்கு ஏறக்குறைய நாற்பது வருடம் முந்தி. ஆனால் கடைசி அத்தியாயங்களில் ஹக்கின் கூட்டாளி டாம் சாயர் வந்து ஜிம்மை விளையாட்டுப் பொம்மையாக்குவதை மட்டும் என்னால் பொறுக்க முடியவில்லை. நீ அதைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை, தப்பிக்கப் பார்க்காதே.

அப்புறம், தொப்பிக் கதையைப் பேத்திக்குச் சொன்னேன். ஹன்னிபல், ஹஸ்த்ரூபல் எல்லாம் விளக்கி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டாள். பிறகு, "புதுத் தொப்பியாச்சே தாத்தா, சேறு போச்சா? திரும்பப் போட்டுக்கிட்டாரா?" என்றாள். நீ கோடு போட்ட பக்கத்தை மறுபடி பார்த்தேன், அதைப் பற்றி ஒன்றும் இல்லை. மகனும் கேட்கவில்லை போலிருக்கிறது.

கால் சரியாக இன்னும் ஒரு மாதம் ஆகும் என்கிறார்கள். பங்குனியில் வந்தால் உன் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போகலாம், அட்டை மட்டும் போய்விட்டது, காலண்டர் தாளில் உறை போட்டு வைத்திருக்கிறேன்.

உன்,
பங்காளி