சனிக்கிழமைச் சம்பளம்

திருப்பூர்
28-9-2025

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் நலம். அம்மாவின் கண்ணுக்கு இனிச் சொட்டு மருந்து வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். போன் செய்தால் "மீட்டிங்ல இருக்கேன்ப்பா" என்று வைத்துவிடுகிறாய், அதனால் எழுதுகிறேன். எழுதினால் எனக்கும் நிதானமாகச் சொல்ல வரும்.

மாதாமாதம் ஒன்றாம் தேதி வரும் பணம் இந்த மாதம் ஒன்பதாம் தேதி வந்தது. ஏன் என்று நான் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன். ஆனால் கிரெடிட் கார்டில் எடுத்து மட்டும் அனுப்பாதே. என் பென்ஷனும் மாடி வாடகையும் எங்களுக்குப் போதும்.

இங்கே ஊர் டல்லாக இருக்கிறது. ஆகஸ்ட் 27-லிருந்து அமெரிக்கா நம் சரக்குக்கு 50 சதவீதம் வரி என்று ஆக்கிவிட்டதில் பல கம்பெனிகளில் ஆர்டரை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அக்கா கம்பெனியில் முதலில் ராத்திரி வேலை போனது. அப்புறம் ஒன்றரை ஷிப்ட் ஒரு ஷிப்ட் ஆனது. இப்போது வாரத்தில் நாலு நாள்தான். யாரையும் போகச் சொல்லவில்லை, கூலியையும் குறைக்கவில்லை. ஷிப்ட் குறைந்தால் சனிக்கிழமைக் கவர் தானாக மெலிந்துவிடுகிறது. அதே கம்பெனியில் அக்கவுண்ட்ஸில் இருக்கிற, அவளோடு பன்னிரண்டாவது வரை படித்த பெண்ணுக்கு மாதச் சம்பளம். போனஸ் எப்படியோ, மாதச் சம்பளத்தில் ஒரு ரூபாய் குறையவில்லை.

ஆர்டர் குவிந்திருக்கும் மாதங்களில் அக்கா ஒன்றரை ஷிப்ட் பார்த்து அந்தப் பெண்ணைவிட அதிகமாகவே கொண்டுவருவாள். அதைப் பார்த்து, படிக்காவிட்டால் என்ன குறைந்துபோயிற்று என்று நான் அம்மாவிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். நல்ல காலத்தை வைத்துக் கணக்குப் போட்டுவிட்டேன், தம்பி.

மாடியில் குடியிருக்கும் காலேஜ் சார் எக்கனாமிக்ஸ் எடுக்கிறவர். உன்னைப் பற்றி அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை, பொதுவாகத்தான் கேட்டேன். கொரோனா வந்த 2020 ஏப்ரலில் அமெரிக்காவில் பள்ளிப் படிப்பை முடிக்காதவர்களில் நூற்றுக்கு 21 பேர் வேலையில்லாமல் இருந்தார்களாம், பட்டம் வாங்கினவர்களில் 8 பேர். நம் நாட்டில் இளசுகளுக்கு அப்படியில்லை என்றார். 25 வயதுக்குள் இருக்கும் பட்டதாரிகளில், வேலைக்குத் தயாராக இருந்தவர்களில், 2021-22-ல் நூற்றுக்கு 42 பேருக்கு வேலை இல்லை என்று அசிம் பிரேம்ஜி பல்கலைக்கழகத்தின் அறிக்கை சொல்கிறதாம். படித்தவன் கிடைத்த கூலிக்குப் போகாமல் படிப்புக்கு ஏற்ற வேலைக்குக் காத்திருக்கிறான், வீட்டிலும் கொஞ்சம் தாங்குகிறார்கள் என்றார். வயது ஏற ஏற அந்தக் கணக்கு குறைந்துவிடுகிறதாம்.

உன்னையே எடுத்துக்கொள். 2020-ல் படிப்பு முடித்தாய். கடிதம் வந்தது, சேரும் தேதி வரவில்லை. எட்டு மாதம் காத்திருந்து வருஷம் 3.36 லட்சத்தில் சேர்ந்தாய். மாமா மகன் 2010-ல் சேர்ந்தபோதும் ஏறக்குறைய அதேதான். பத்து வருஷத்தில் அரிசி விலை எங்கே போயிற்று! ஆனாலும் 2022-ல் எல்லாக் கம்பெனியும் ஆள் தேடியபோது மாறிப்போய் இரண்டு மடங்கு வாங்கினாய். நம் வீதியில் அப்படி ஒரு பையன் இல்லை. மந்தத்தில் படிப்பு முடித்தவர்களின் சம்பளம் மற்றவர்களை எட்டிப் பிடிக்கப் பத்து வருஷம்கூட ஆகும், கம்பெனி மாறி மாறித்தான் பிடிக்கிறார்கள் என்று கனடாவில் கண்டிருக்கிறார்களாம். நீ ஐந்து வருஷம்தான் முடித்திருக்கிறாய். இப்போது எந்தக் கம்பெனியில் என்ன நடந்தாலும் அது உன் படிப்பின் குறை இல்லை. ஆனால் அம்மா ஆப்பரேஷனுக்கு வந்து ஒரே நாளில் கிளம்பினாயே, அது மட்டும் எனக்கு ஆறவில்லை.

நேரத்துக்குச் சாப்பிடு. கார்டில் கடன் வாங்காதே.

இன்னொன்று சொல்ல வேண்டும். அக்காவுக்குப் படிப்பு ஏறவில்லை என்றுதான் நீயும் நினைத்துக்கொண்டிருப்பாய். ஊருக்கெல்லாம் நான் அப்படித்தான் சொன்னேன். அவள் பன்னிரண்டாவதில் வாங்கியது 1042. அரசு மகளிர் கல்லூரியில் பி.காம். இடமும் கிடைத்தது. அமெரிக்காவில் 2008 செப்டம்பரில் லேமன் பிரதர்ஸ் என்ற பெரிய பேங்க் விழுந்து, இங்கே ஆர்டர் குறைந்து ஒன்பது மாதம் ஆகியிருந்தது. கட்டிங் டேபிளில் எனக்கு வாரம் மூன்று நாள் வேலை. அந்த ஜூனில் அவளைக் கூட்டிக்கொண்டு போய் ஓவர்லாக் மிஷினில் உட்காரவைத்தேன். ஒரு வருஷத்துக்குத்தான் என்றேன். அடுத்த வருஷம் ஆர்டர் திரும்பி வந்தது. அவளைத் திரும்ப அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. சனிக்கிழமை இரண்டு சம்பளம் வந்து பழகிவிட்டது. உன் காலேஜ் பீஸில் பாதி அவளுடையது. அவள் இதுவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று ராத்திரியில் யோசித்துக்கொண்டு கிடக்கிறேன்.

அதனால் சொல்கிறேன். பயத்தில் எதையும் முடிவு செய்யாதே. கிடைத்த வேலை என்று ஏதாவதொன்றில் போய் விழாதே. சீட்டு எடுத்த பணம் நாற்பதாயிரம் அப்படியே வைத்திருக்கிறேன். தீபாவளிக்கு வா. முன்னாலேயே வந்தாலும் ஏன் வந்தாய் என்று இங்கே யாரும் கேட்க மாட்டோம். அம்மாவிடம் சொல்லிவைத்திருக்கிறேன்.

அக்கா பாப்பாவுக்கு ஏழாவது கணக்கில் ஏதோ சந்தேகமாம், மாமாவைத்தான் கேட்பேன் என்கிறாள். ஒரு போன் செய். முன்பு போல ராத்திரி ஒன்பது வரை காத்திருக்க வேண்டாம். அக்கா இப்போது ஐந்தரைக்கெல்லாம் வீட்டுக்கு வந்துவிடுகிறாள்.

அப்பா