அந்த எஞ்சினை ஓட விடுங்கள்

அருங்காட்சியக நிர்வாகக் குழுவினருக்கு வணக்கம்.

கூடத்தில் உள்ள எந்தக் காரையும் இனி இயக்குவதில்லை என்று நீங்கள் எடுத்த முடிவு உறுப்பினர்களுக்குக் கடிதமாக வந்து சேர்ந்தது. டியூசன்பெர்க் என்ற பழைய அமெரிக்கச் சொகுசுக் காருக்கு முன்னால் இப்போது ஒரு பெட்டி இருக்கிறது. பொத்தானை அழுத்தினால், பதிவு செய்து வைத்த எஞ்சின் ஓசை கேட்கிறது. காரோ பானெட்டை மூடிக்கொண்டு நிற்கிறது. மாதம் ஒருமுறையாவது அதை வெளியே எடுத்து ஓட்டுங்கள் என்று கேட்கவே இதை எழுதுகிறேன்.

1928இல் வந்த இந்த டியூசன்பெர்க் மாடல் ஜே காரின் பெருமையை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எட்டு சிலிண்டர், ஒவ்வொன்றுக்கும் நான்கு வால்வு, நிறுவனத்தின் கணக்கில் 265 குதிரைத்திறன். ஃபோர்டு மாடல் ஏ 500 டாலருக்குக் கிடைத்த நாளில், மேல்கூடு இல்லாத இதன் வெறும் சேஸிஸே, அதாவது எஞ்சினும் சக்கரமும் பொருத்திய அடிச்சட்டமே, 8,500 டாலர். வாங்கியவர் கலிஃபோர்னியாவில் பாசடேனா நகரத்து மர்ஃபி போன்ற பட்டறையில் கொடுத்து, தன் விருப்பப்படி மேல்கூடு கட்டிக்கொள்வார். அந்த மேல்கூட்டின் அழகுக்கு மயங்காதவர் இல்லை. ஆனால் என்னைக் கட்டிப்போட்டவை டேஷ்போர்டின் சின்ன விளக்குகள்தாம். 700 மைல் ஓடினால் எண்ணெய் மாற்றச் சொல்லி ஒன்று எரியும். 1,400 மைலில் பாட்டரியைக் கவனிக்கச் சொல்லி இன்னொன்று. இவ்வளவும் பற்சக்கரங்களை வைத்தே செய்தார்கள். நின்றே கிடக்கும் காரில் அந்த விளக்கு என்றைக்கு எரியும்?

ஓட்டினால் தேய்ந்துவிடும் என்கிறீர்கள். ஓட்டாவிட்டால் என்ன ஆகும் என்று உங்கள் மெக்கானிக்குகளைக் கேட்டீர்களா? பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்புரேட்டரில் பெட்ரோல் பிசினாக இறுகும், ரப்பரில் வெடிப்பு விழும், எண்ணெய் வடிந்த சிலிண்டர் சுவரில் துரு ஏறும். சென்ற வாரம் குனிந்து பார்த்தேன். டயர்கள் தரையோடு தட்டையாக அமுங்கியிருக்கின்றன. எண்ணெய் சொட்டினால் பிடிக்க வைத்த தட்டில் தூசிதான் இருக்கிறது.

பக்கத்தில் நிற்கும் 1930ஆம் ஆண்டு கெடிலாக் வி-16 காருக்கும் இதே பெட்டி வைக்கப்போகிறீர்களாம். பதினாறு சிலிண்டர் இயங்கியும் சத்தம் காட்டாததுதானே அதன் புகழ்! அந்த அமைதியை எந்த ஒலிபெருக்கியில் கேட்க வைப்பீர்கள்? கல்யாண வரவேற்புக்குக் கூடத்தை வாடகைக்கு விட ஆள் இருக்கிறது, அலங்கார விளக்குக்குப் பணம் இருக்கிறது. பழைய பெட்ரோலை வடித்துப் புதிது ஊற்ற மட்டும் எதுவும் இல்லை. இவற்றைக் கையாளத் தெரிந்த மூத்த மெக்கானிக்குகள் ஒவ்வொருவராக ஓய்வு பெறுகிறார்கள். ஓட்டாத காரில் இளையவர்கள் எதைக் கற்றுக்கொள்வார்கள்?

வருத்தத்தில் பேச்சு நீண்டுவிட்டது. நான் கேட்பது ஒன்றே. மாதம் ஒருமுறை, எஞ்சின் நன்றாகச் சூடேறும்வரை ஓட்டுங்கள். திரும்பி வந்ததும் பானெட்டைத் திறந்து பார்வையாளர்களுக்குக் காட்டுங்கள். செலவுக்கு உறுப்பினர்களிடம் கேளுங்கள், தருகிறோம். அடுத்த கூட்டத்தில் இந்த முடிவை மறுபரிசீலனை செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் அருங்காட்சியக உறுப்பினர்களில் ஒருவன்