தோமையார் எழுதினாரா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இயேசுவின் சீடர் தோமாவைப் பற்றி, 'தோமையார் தம் கைப்பட எழுதிய நற்செய்தியை நிசேயா சங்கம் எரித்தது' என்று சென்ற இதழில் ஒரு வரி போட்டிருந்தீர்கள். போன ஞாயிறு மறைக்கல்வி வகுப்புக்கு ஒரு பையன் அந்தப் பக்கத்தைக் கிழித்துக்கொண்டு வந்து, "இதை ஏன் சார் எங்களுக்குச் சொல்லவே இல்லை?" என்று கேட்டான். 22 வருடமாகப் பாடம் எடுக்கிறேன். ஒரு பிள்ளை என்னைப் பொய்யனைப் பார்ப்பதுபோல் பார்த்தது அன்றைக்குத்தான்.

325-ல் ஆயர்கள் கூடிய அந்தச் சங்கம் எந்தெந்த நூல் திருமுறையில், அதாவது விவிலியத்தில், சேரும் என்று தீர்மானிக்கவே இல்லை என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. புதிய ஏற்பாட்டில் இன்றுள்ள 27 நூல்களின் பட்டியல் அலெக்சாந்திரியா ஆயர் அத்தனாசியுஸ் 367-ல் எழுதிய மடலில் வருகிறது. தோமா நற்செய்தியின் முழுப் பிரதி எகிப்தின் நாக் அம்மாதியில் 1945-ல் ஒரு ஜாடிக்குள் கிடைத்தது. இயேசு சொன்னதாக 114 வாக்குகள், சிலுவைப்பாடு கிடையாது. முதலிலேயே தோமாவின் பெயர் இருக்கிறது, சரி. பெயர் இருந்தால் அவரே எழுதியதாகிவிடுமா? பவுலைப் பற்றிப் பவுல் பெயரிலேயே கதை கட்டிய ஆசியா என்ற ரோம மாகாணத்துத் திருச்சபை மூப்பர் ஒருவர், அவர்மேல் உள்ள அன்பினால்தான் செய்தேன் என்று ஒப்புக்கொண்டு பதவியை இழந்ததை, ஆதித் திருச்சபை எழுத்தாளர் தெர்த்துல்லியன் அந்தக் காலத்திலேயே எழுதிவைத்திருக்கிறார்.

குழந்தை இயேசு களிமண்ணில் 12 குருவி செய்த கதையையும் அதே நூலில் இருப்பதாகச் சேர்த்துவிட்டீர்கள். அது தோமா பெயரிலுள்ள வேறொரு நூல். அப்புறம் மூன்றாவதாகத் 'தோமா பணிகள்' இருக்கிறது. இந்தியாவின் வடமேற்கை ஆண்ட கோண்டோபர்னஸ் அரசன் அரண்மனை கட்டக் கொடுத்த பணத்தை ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டு, உமக்கு விண்ணகத்தில் கட்டியாயிற்று என்று தோமையார் சொல்வது அதில்தான். என் பாட்டி சொன்ன கதை அது. இன்றும் எனக்குக் கண் கலங்கும். அந்த அரசனின் நாணயங்கள்கூடக் கிடைத்திருக்கின்றன. ஆனாலும் நூல் மூன்றாம் நூற்றாண்டில் எழுதப்பட்டது என்பதையும் சேர்த்தே பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். நான் எதையும் மறைக்கவில்லை ஐயா.

யூதாஸ் நற்செய்தியை யூதாசே எழுதியதுபோல நீங்கள் போட்டபோதும் கடிதம் எழுதினேன். நாங்கள் திருப்பலியில் வாசிக்கும், பழைய ஏற்பாட்டிலுள்ள தோபித்து நூலை 'ரகசிய நூல்' என்றபோதும் எழுதினேன். இரண்டும் பிரசுரமாகவில்லை. முப்பது வருட வாசகனுக்கு ஒரு வரி பதில்கூட வரவில்லை.

அடுத்த இதழில் இரண்டே வரியில் ஒரு திருத்தம் போடுங்கள். அந்தப் பையனிடம் காட்ட வேண்டும்.

இப்படிக்கு,
மறைக்கல்வி ஆசிரியர் ஒருவர்,
திண்டுக்கல்.